மேட்டுநிலத்தின் வரவு செலவு

இப்பகுதிக்கு வரும் கடிதங்களிற் பெரும்பாலானவை பிள்ளைகளின் படிப்பு, வாடகை வீட்டுத் தொல்லை, சான்றிதழ் வாங்கும் அலைச்சல் ஆகியவற்றைப் பற்றியே இருக்கும். சென்ற திங்கள் வந்த ஒன்று வேறு வகையானது. லிங்கராஜபுரத்தில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய சொந்த ஊர் தருமபுரிக்கு அருகில். தந்தையார் விட்டுச்சென்ற மூன்று ஏக்கர் செம்மண் மேட்டுநிலம் அங்கே இருக்கிறது. கிணறு இல்லை, வானம் பார்த்த பூமி. சிற்றப்பா மகன் ஒருவர் இதுகாறும் அதில் கேழ்வரகு விதைத்து, விளைந்த ஆண்டில் இரண்டு மூட்டை கொடுத்து, விளையாத ஆண்டில் ஒரு கும்பிடு போட்டு வந்திருக்கிறார். இப்போது அவருக்கும் வயதாகிவிட்டது. "தைலமரக் கன்று நட்டுவிட்டுப் போய்விடுங்கள் அண்ணா. ஐந்தாறு ஆண்டில் வெட்டிக் காசாக்கிக்கொள்ளலாம்" என்கிறாராம். அன்பருடைய மகனோ, "மழையே மாறிப் போயிற்று அப்பா. இனி அந்த மண்ணில் என்ன விளையும்? விற்றுவிடலாம்" என்கிறானாம். தங்கள் கருத்து யாது என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

இஃது ஒரு குடும்பத்தின் கேள்வியன்று. கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், ஆரணி, திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வந்து இந்நகரில் வேரூன்றிவிட்ட நம்மவருள் எத்தனையோ பேர் வீட்டு அலமாரியில், இப்படி ஒரு மேட்டுநிலத்தின் பத்திரம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நிலம் அங்கே; நாம் இங்கே. பொங்கலுக்குப் போகும்போது வரப்பில் நின்று பார்த்துவிட்டு வருகிறோம்.

நான் உழவனல்லேன். என் பாட்டனார் ஏர் பிடித்தார். நான் பேனா பிடித்தேன். ஆயினும் இக்கேள்விக்கு விடை தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் பேட்டையிலிருந்து ஹெப்பாள் ஆறேழு கிலோமீட்டர் தொலைவு. அதைத் தாண்டி, பல்லாரிச் சாலையில் மேலும் சிறிது சென்றால் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பெருந்தோட்டம் வரும். ஜி.கே.வி.கே. என்று பேருந்து நடத்துநர் கூவுவாரே, அந்த இடந்தான். காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திரம் என்பது முழுப்பெயர். விமான நிலையம் போகும் அவசரத்தில் நாம் கண்ணெடுத்தும் பாராமல் கடந்துபோகும் அந்த வேலிக்குள்ளே, அன்பரின் மூன்று ஏக்கரைப் போன்றதொரு செம்மண்ணின் வரவு செலவை ஆராய்ச்சியாளர் 1978ஆம் ஆண்டு முதல் ஆண்டு தவறாமல் எழுதி வந்திருக்கின்றனர்.

அக்கணக்கைப் பார்க்குமுன் உலர்நிலம் என்பது யாதெனத் தெரிந்துகொள்வோம். மழை குறைந்த இடமெல்லாம் உலர்நிலம் என்று எண்ணுகிறோம். ஆராய்ச்சியாளர் அப்படிச் சொல்வதில்லை. ஓராண்டில் ஓரிடத்தில் எவ்வளவு மழை பெய்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதுகின்றனர். அவ்விடத்து வெயிலும் காற்றும் அவ்வாண்டில் எவ்வளவு நீரை உறிஞ்ச வல்லவை என்று மறுபக்கத்தில் எழுதுகின்றனர். வரவு, உறிஞ்சும் வன்மையில் நூற்றுக்கு 65 பங்குக்குக் குறைந்தால் அஃது உலர்நிலம். இவ்வளவையின்படி உலக நிலப்பரப்பில் நூற்றுக்கு 40 பங்கு உலர்நிலமே. 200 கோடிக்கு மேற்பட்ட மக்கள் அதன்மீது வாழ்கின்றனர். இந்தியாவில் இராஜஸ்தானத்துக்கு அடுத்தபடியாகக் கருநாடகத்தையே இவ்வகையிற் குறிப்பிடுவர். பெங்களூரின் குளிர்ச்சியை நம்பி ஏமாற வேண்டா. நகரைச் சூழ்ந்த கோலார், சிக்கபள்ளாபுரம், தும்கூர் ஆகிய மாவட்டங்கள் எல்லாம் இவ்வகையே. ஓசூர் எல்லையைத் தாண்டி நம் தருமபுரிக்குப் போனாலும் மண்ணும் வானமும் அதிகம் மாறுவதில்லை. எல்லைக்கோடு மண்ணுக்குத் தெரியாது போலும்.

அம்மண்ணின் பிறப்பைக் கேளுங்கள். இந்தப் பீடபூமியின் அடியிலே கிடப்பது உலகின் மிகப் பழைய பாறைகளுள் ஒன்று. கோடிக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் அது சிதைந்து பொடிந்து செம்மண் ஆயிற்று. பாறையிலிருந்த இரும்பு துருவேறியதே அச்சிவப்பு. நெடுங்கால மழை, மண்ணிலிருந்த நல்ல உப்புக்களையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. எஞ்சிய களி, நீரையும் ஊட்டத்தையும் இறுகப் பிடித்துவைக்கும் வலிமையற்றது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் பார்த்தவர்கள் இவ்வேறுபாட்டை அறிவார்கள். கரிசல் நீர் குடித்து வீங்கும். மழை நின்று பல வாரம் சென்றும் அடியில் ஈரம் வைத்திருக்கும். அந்த ஈரத்தை நம்பியே பருத்தியும் சோளமும் நிற்கும். செம்மண்ணுக்கு அந்தப் பொறுமை இல்லை. நல்ல மழை பெய்து பத்து நாள் காய்ந்தால் கேழ்வரகு சுருளத் தொடங்கும். மேலும், பெருந்துளி மழை அடித்தால் அதன் மேற்பரப்பு ஓடுபோல் இறுகிவிடும். அடுத்த மழை உள்ளே இறங்காமல் மேலோடிப் போகும்.

இவ்வளவு ஏழையான மண்ணில் நம் முன்னோர் எப்படிப் பிழைத்தனர்? எருவால் பிழைத்தனர். மேய்ச்சற் புறம்போக்கில் மேய்ந்த மாடு, மாலையில் தொழுவத்துக்குக் கொண்டுவந்தது பால் மட்டுமன்று. அந்தப் புல்வெளியின் சத்தையே வயிற்றில் சுமந்து வந்து எருக்குழிக்குக் கொடுத்தது. கோடையில் அக்குழி திறக்கும். வண்டி வண்டியாக எரு கொல்லைக்குப் போகும். மானாவாரி வேளாண்மையின் உயிர் அந்த வண்டிதான். மாடு போனதும் வண்டியும் போயிற்று; குழியில் எருக்கஞ்செடி முளைத்தது. இது நம்முள் பலர் கண்ணாற் கண்டது.

இப்போது ஜி.கே.வி.கே. கணக்குக்கு வருவோம். அதற்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. 1899ஆம் ஆண்டிலே, மைசூர் அரசை மகனுக்காக நடத்திவந்த மகாராணி கெம்பனஞ்சம்மணி அவர்கள் ஹெப்பாளில் 30 ஏக்கர் நிலத்தைப் பயிர் ஆராய்ச்சிக்கென அளித்தார்கள். லேமன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி வரவழைக்கப்பட்டு, மண்ணுக்கும் பயிருக்கும் உள்ள உறவைச் சோதிக்கத் தொடங்கினார். அவருக்குப் பின் கனடா நாட்டவரான கோல்மன், மைசூர் வேளாண்மைத் துறையை நெடுங்காலம் நடத்தினார். 1964இல் பல்கலைக்கழகம் எழுந்தது. 1970இல், கனடா அரசின் துணையுடன், மானாவாரி வேளாண்மைக்கென அகில இந்திய ஆராய்ச்சித் திட்டம் ஒன்று ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. அதன் மையங்களுள் ஒன்று பெங்களூர். மற்றொன்று நம் கோவில்பட்டி.

1978இல் தொடங்கிய சோதனை எளிமையானது. ஒரே செம்மண். ஒரே பயிர், கேழ்வரகு. பக்கத்திலே கேழ்வரகும் நிலக்கடலையும் மாறிமாறி. நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்தனர். ஒன்றுக்கு யாதும் இடவில்லை. ஒன்றுக்குத் தொழுவுரம் மட்டும், எக்டேருக்குப் பத்து டன். அதாவது ஏக்கருக்கு நான்கு டன். ஒன்றுக்கு இரசாயன உரம் மட்டும், பரிந்துரைத்த முழு அளவு. ஏனைய இரண்டுக்குத் தொழுவுரத்தோடு இரசாயன உரம், ஒன்றில் அரையளவும் மற்றொன்றில் முழு அளவும். பிறகு வேறொன்றும் செய்யவில்லை. மழையை வானத்துக்கே விட்டுவிட்டனர். விதைத்தனர், அறுத்தனர், நிறுத்தனர், மண்ணை எடுத்துச் சோதித்தனர். அடுத்த ஆண்டும் அதுவே. தொடங்கியவர்கள் ஓய்வு பெற்றனர். அவர்களுடைய மாணவர்கள் எழுதினர். மாணவர்களின் மாணவர்கள் எழுதுகின்றனர். இப்படியொரு பணிக்குப் பத்திரிகையில் படம் வருவதில்லை. முப்பது ஆண்டு முடிந்தபின் சொல்லக்கூடிய செய்தியை முதலாண்டிலேயே சொல் என்று கேட்கும் உலகம் இது.

கண்டது என்ன? இரசாயன உரம் மட்டும் பெற்ற பாத்தி தொடக்கத்தில் நன்றாகவே விளைந்தது. முதல் சில ஆண்டுகளோடு சோதனையை முடித்திருந்தால், எரு எதற்கு என்று கேட்டிருப்பார்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல அப்பாத்தியின் விளைச்சல் இறங்கிற்று. மண்ணில் புளிப்பு ஏறிற்று. உரத்தின் அளவு குறையவில்லை. அதை ஏற்கும் மண்ணின் ஆற்றல் குறைந்தது. தொழுவுரத்தோடு உரமும் பெற்ற பாத்தியோ உயர்ந்த விளைச்சலை விடாமற் காத்தது; மழை குறைந்த ஆண்டிலும் மற்றவற்றைப் போல் வீழவில்லை. யாதும் பெறாத பாத்தியைப் பற்றிச் சொல்லவே வேண்டா. நம்முள் பலருடைய நிலம் இன்று அந்நிலையில்தான் இருக்கிறது.

இதன் காரணம் கரிமம். மக்கிய இலை, தழை, சாணம், வேர் ஆகியவற்றிலிருந்து மண்ணில் தங்குவது. செம்மண்ணில் இது பெரும்பாலும் நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவு. கேட்க அற்பமாயிருக்கிறது. அந்த அரைப் பங்குதான் மண்பொடிகளை ஒட்டிக் குருணையாக்குகிறது. குருணைகளுக்கு இடையே மழை இறங்குகிறது. இறங்கிய நீரையும் இட்ட உரத்தையும் அது பற்றி வைத்துக்கொள்கிறது. நம் நாட்டு வெயிலில் இக்கரிமம் நில்லாது. குளிர்நாட்டு மண்ணில் நெடுங்காலம் கிடப்பது இங்கே விரைந்து எரிந்து காற்றோடு போய்விடும். ஆகவே ஒருமுறை இட்டுவிட்டு இருந்துவிட இயலாது. ஆண்டுதோறும் இட வேண்டும். பருவநிலை வெப்பமேற ஏற இச்செலவு இன்னும் கூடும். அப்படிக் கூடுகையில் மண் இழக்கும் கரிமம் வானத்தையே சேர்ந்து, அங்கேயும் வெப்பத்தைக் கூட்டும். உலகத்து மண்ணில் உள்ள கரிமம், காற்றிலும் மரஞ்செடிகளிலும் உள்ளதைக் கூட்டினாலும் அதனினும் மிகுதி. எனவேதான் இந்த ஏழைக் கேழ்வரகுப் பாத்தியின் கணக்கை உலகத்து விஞ்ஞானிகள் கேட்டு வாங்கிப் பார்க்கின்றனர்.

கரிசல் நிலத்துக்காரருக்கும் ஒரு கணக்கு உண்டு. ஐதராபாத்துக்கு அருகில் படான்செருவில் இக்ரிசாட் என்னும் பன்னாட்டு நிலையம் 1972இல் நிறுவப்பட்டது. அங்கே 1976 முதல் இரண்டு கரிசல் நிலங்களை அருகருகே வைத்துப் பார்த்து வருகின்றனர். ஒன்றில் பழைய வழக்கம். மற்றொன்றில் அகலப் பாத்தியும் வாய்க்காலும் அமைத்து, சோளத்தோடு துவரையைச் சேர்த்து விதைத்து, ஊட்டமும் அளவாகக் கொடுத்தனர். முன்னதில் எக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் தானியம். பின்னதில் ஏறத்தாழ ஐந்து டன். அடித்துச் செல்லப்பட்ட மண் கால் பங்காகக் குறைந்தது. மழை இரண்டுக்கும் ஒன்றே.

அன்பரின் மகன், மழை மாறிவிட்டது என்கிறான். அவன் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மறைக்க மாட்டேன். 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 0.7 பாகை உயர்ந்திருப்பதாக மைய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. வெப்பம் ஒரு பாகை ஏறினால் காற்று நூற்றுக்கு ஏழு பங்கு அதிக ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரத்தை நிலத்திலிருந்து உறிஞ்சுவதும் அதே காற்று. கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டுவதும் அதே காற்று. ஆகவே வறட்சியும் வெள்ளமும் அடுத்தடுத்து வருவதில் முரண் ஒன்றும் இல்லை. நம் நகரமே சான்று. ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகப் பெய்வதே இங்கு வழக்கம். 2022இல் 1,700 மில்லிமீட்டரைக் கடந்தது. செல்வர் மாளிகைகளிலும் படகு போயிற்று. 2023இல் கருநாடகத்தில் 200க்கு மேற்பட்ட தாலுகாக்கள் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 2024 மார்ச்சில் லிங்கராஜபுரத்துத் தெருக்களில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டியதில்லை.

மற்றப் பாதிக்கு ஆர்க்காவதி ஆற்றின் கதையைச் சொல்கிறேன். நந்தி மலையில் பிறந்து, பெங்களூரின் மேற்கே ஓடி, கனகபுரத்துக்கு அப்பால் காவிரியில் கலக்கும் ஆறு அது. அதன் குறுக்கே 1933இல் கட்டி முடித்த திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் நெடுங்காலம் இந்நகரத்துக்கு நீர் கொடுத்தது. பின்னர் ஆற்றில் வரத்துக் குறைந்தது, வறண்டே போயிற்று. மழை குறைந்துவிட்டது என்றே யாவரும் கருதினர். இந்நகரத்திலுள்ள ஏட்ரீ என்னும் சூழலியல் ஆராய்ச்சி அறக்கட்டளையைச் சேர்ந்த வீணா ஸ்ரீநிவாசனும் அவருடன் பணிபுரிந்தோரும், பழைய மழைப் பதிவேடுகள், வெப்பப் பதிவேடுகள், கிணறுகள், ஏரிகள் அனைத்தையும் ஒப்பிட்டு 2015இல் தம் முடிவை வெளியிட்டனர். ஆறு வறண்டதற்கு மழையின் மாற்றமும் வெப்பத்தின் மாற்றமும் போதிய காரணங்களாகா என்றனர். ஆழ்குழாய்க் கிணறுகள் நிலத்தடி நீரை வற்றச் செய்தமையும், வயல்களில் பரவிய தைலமரத் தோப்புகளுமே முதன்மைக் காரணங்களாகத் தோன்றுகின்றன என்றனர். நம் கையாற் செய்ததை வானத்தின் மேல் ஏற்றிச் சொல்வது எளிது. அந்தப் பழியை நானும் பலமுறை சுமத்தியிருக்கிறேன்.

தைலமரம் என்ற சொல் வந்துவிட்டது. திப்பு சுல்தான் காலத்திலே நந்தி மலைத் தோட்டத்துக்கு அது வந்ததென்பர். அப்போது அது வேடிக்கை மரம். 1980களில் சமூகக் காடுகள் என்ற திட்டம் வந்தபோது, கோலார், ஒசகோட்டை வட்டாரங்களில் கேழ்வரகு விளைந்த கொல்லைகளிலெல்லாம் அது ஏறியது. பழைய சென்னைச் சாலையில் ஊருக்குப் பேருந்தில் போகையில், ஒசகோட்டையைத் தாண்டி இருபுறமும் சாம்பல் நிறத் தோப்புகளைக் கண்டிருப்பீர்கள். காகித ஆலைக்கு மரமாயிற்று, ஆள் கூலி மிச்சம், ஆடு கடிக்காது, நகரத்தில் இருந்துகொண்டே நிலத்துக்கு உடையவராக இருக்கலாம். நம்மைப் போன்றவருக்கென்றே கண்டுபிடித்த மரம் போலத் தோன்றும்.

இம்மரம் எவ்வளவு நீர் குடிக்கிறது என்பது பற்றிப் பெரும் வாக்குவாதம் நடந்தது. கால்டர் என்ற ஆங்கில நீரியல் அறிஞர், நம் நாட்டு ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து கருநாடகத்திலேயே அதை அளந்தார். 1990களில் வெளிவந்த அம்முடிவு இரு தரப்பாரையும் திகைக்க வைத்தது. ஆழமில்லாத மண்ணில் தைலமரம் குடித்த நீர், உள்நாட்டுக் காட்டு மரங்கள் குடிப்பதைவிட அதிகமில்லை. ஆனால் ஒசகோட்டையில், ஆழ்ந்த மண்ணுள்ள கொல்லையில், மூன்றாண்டில் பெய்த மழையைக் காட்டிலும் மிகுதியான நீரை அம்மரங்கள் இழுத்திருந்தன. மிகுதி எங்கிருந்து வந்தது? கேழ்வரகின் வேர் எட்டாத ஆழத்தில், எத்தனையோ ஆண்டு மழையிற் சேர்ந்து கிடந்த ஈரத்திலிருந்து வந்தது. பாட்டன் சேர்த்த வைப்புநிதியைப் பேரன் எடுத்துச் செலவிட்டதற்கு ஒப்பாகும் இது. தோப்பை வெட்டியபின் அந்த வைப்பு மறுபடி நிறைய எத்தனை நல்ல மழை வேண்டுமோ! இத்துடன், வெட்டிய அடிக்கட்டைகளைப் பெயர்த்தெடுக்கும் செலவையும் அன்பர் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

தரிசு என்ற பெயரைப் பற்றியும் ஒரு சொல். மரமில்லாத புல்வெளியை வீண்நிலம் என்று ஏட்டில் எழுதும் வழக்கம் வெள்ளையர் காலத்து வரித்தண்டலில் தோன்றியது. வரி வராத நிலம் வீண்நிலம் ஆயிற்று. ஜி.கே.வி.கே. வளாகத்துக்குள்ளேயே இயங்கும் தேசிய உயிரியல் ஆய்வு மையத்தின் ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர், புல்லும் இடையிடையே மரமுமாக உள்ள நம் நாட்டுச் சவானா நிலங்கள் கெட்டுப்போன காடுகள் அல்ல, தமக்கெனப் பழமையும் உயிர்வளமும் உடைய நிலங்கள் என்று எழுதி வருகின்றனர். இத்தகைய திறந்த நிலங்கள் இந்தியாவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு என்று மதுசூதனும் ஏட்ரீயைச் சேர்ந்த அபி வனக்கும் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வரைந்து காட்டியுள்ளனர். அவற்றில் இருபதில் ஒரு பங்குகூடக் காப்பிடமாக அறிவிக்கப்படவில்லை. எருவண்டியின் கதையை நினைவு கூருங்கள். மாட்டுக்குப் புல் கொடுத்தது இந்த வீண்நிலந்தான். அதில் மரம் நட்டு வேலி போட்டதும் மாடு எங்கே மேயும்? மாடு இல்லையேல் கொல்லைக்கு எரு எங்கிருந்து வரும்? மரம் நடுவதெல்லாம் நன்மை என்று பள்ளியிற் படித்த நமக்கு இதை ஏற்பது கடினமாகவே இருக்கும்.

இனி அன்பருக்கு என் மறுமொழி. சொல்லுமுன் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். திருவண்ணாமலைப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கும் ஒன்றரை ஏக்கர் மேட்டுநிலம் இருந்தது. தங்கையின் திருமணத்துக்குப் பணம் முட்டிய ஆண்டில், மேல்மண்ணைச் செங்கற் சூளைக்காரர் ஒருவருக்கு இரண்டடி ஆழம் விலை பேசினோம். "மண்தானே, மழைக்கு மறுபடி சேர்ந்துவிடும்" என்றேன் அம்மாவிடம். நான் சொன்னதே. அம்மா மறுத்துப் பேசவில்லை. கல்யாணம் நடக்க வேண்டுமே. மறு ஆண்டு அதில் போட்ட கேழ்வரகு சாண் உயரத்தில் நின்றுவிட்டது. மண் உருவாகும் வேகத்தைவிட, உழுத நிலத்திலிருந்து அது அடித்துச் செல்லப்படும் வேகம் 100 மடங்குக்கும் மேல் என்று பன்னாட்டுப் பருவநிலைக் குழுவின் 2019ஆம் ஆண்டு அறிக்கையில் பின்னர் படித்தேன். நான் விற்ற இரண்டடியை அந்த வேகத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கை முடிக்காமலே காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

ஆகவே அன்பர் தைலமரம் வைக்க வேண்டா என்பது என் கருத்து. செம்மண்ணின் ஆழத்தைப் பொறுத்து அது குடிக்கும் நீரின் அளவு மாறும் என்பது உண்மையே. ஆயினும் கிணறில்லாத நிலத்தில் அந்தச் சூதாட்டம் வேண்டா. விற்பதா என்பது அவருடைய குடும்பத்தின் தேவையைப் பொறுத்தது. அதில் நான் தலையிடேன். மகள் திருமணமோ மருத்துவச் செலவோ இருந்தால் நிலம் மனிதரைவிடப் பெரிதன்று. மழை மாறிவிட்டது, இனி அது பயனற்றது என்ற எண்ணத்தில் மட்டும் விற்க வேண்டா.

வைத்திருப்பதானால் முதலில் மண்ணைச் சோதிக்க வேண்டும். கருநாடகத்தில் 2009இல் பூசேதனம் என்ற திட்டத்தில் 90,000க்கு மேற்பட்ட மண் மாதிரிகளை எடுத்துப் பார்த்தபோது, துத்தநாகம், போரான், கந்தகம் ஆகியவை பெரும்பாலான மானாவாரி நிலங்களிற் குறைந்திருந்தன. யூரியாவை மட்டும் கொட்டிவந்த உழவர் அதை அறியவே இல்லை. இவை சிற்றளவிலேயே போதும். விளைச்சல் குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது.

மாதிரி எடுக்கும் முறை எளிது. பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ போகும்போது செய்யலாம். நிலத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். வரப்போரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றை விலக்குங்கள். ஒவ்வோரிடத்திலும் மேலேயுள்ள சருகைத் தள்ளிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் அரையடி ஆழக் குழி வெட்டி, அதன் ஓரத்தை மேலிருந்து கீழாக ஒரு விரற்கனம் சீவி எடுங்கள். அனைத்தையும் ஒரு சாக்கில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்குங்கள். அரைக் கிலோ எஞ்சும் வரை இதைச் செய்து, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் கட்டி, மாவட்டத் தலைநகரில் உள்ள மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். பையில் பெயரும் புல எண்ணும் எழுதிய சீட்டை மறவாதீர்.

அடுத்து, உழுவதற்கு ஆள். சிற்றப்பா மகனுக்கு வயதாயிற்று என்றால், ஊரில் மாடோ ஆடோ வைத்திருப்பவர் எவரேனும் உளரா என்று பாருங்கள். வாரத்துக்கு விடும்போது பங்கைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். ஏக்கருக்கு ஆண்டுதோறும் இத்தனை வண்டி எரு இட வேண்டும், அல்லது கோடையில் இத்தனை இரவு ஆட்டுக்கிடை போட வேண்டும் என்று பேசுங்கள்; அதற்காக உங்கள் பங்கில் ஒரு மூட்டையை விட்டுக்கொடுங்கள். எழுத்தில் வைப்பதாயின் குத்தகைச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நன்று. பயிர், எட்டு வரிசை கேழ்வரகுக்கு இரண்டு வரிசை துவரை. இது பெங்களூர் மையம் நெடுநாளாகப் பரிந்துரைப்பது. துவரை வரிசைகளுக்கு இடையே ஒரு சால் திறந்துவிட்டால் மழைநீர் அதில் நின்று இறங்கும். கேழ்வரகு பொய்த்தாலும் துவரையின் ஆழவேர் ஏதேனும் கொடுக்கும். உதிரும் இலை மண்ணுக்குக் கரிமமாகும். அவரை, பேயெள்ளு, கடுகு கலந்து விதைக்கும் பழைய முறையும் இதன் உடன்பிறப்பே. கன்னட உழவர் அதை அக்கடிச் சாலு என்பர்.

கேழ்வரகு விதை பற்றி ஓர் இடைச்சொல். மண்டியாவில் பணிபுரிந்த லட்சுமணய்யா, நம் நாட்டுக் கேழ்வரகையும் ஆப்பிரிக்கக் கேழ்வரகையும் இணைத்து 'இண்டாஃப்' வகைகளை உருவாக்கினார். இராகி லட்சுமணய்யா என்றே உழவர் அவரை அழைத்தனர். இந்தியாவின் பெயரும் ஆப்பிரிக்காவின் பெயரும் சேர்ந்ததே அச்சொல். கேழ்வரகே ஆதியில் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து இங்கே குடியேறியதுதான்.

ஜி.கே.வி.கே. வளாகத்தில் ஆண்டுதோறும், பெரும்பாலும் நவம்பர் திங்களில், கிருஷி மேளா நடைபெறுகிறது. மானாவாரிப் பகுதியினர் அங்கே தனியே கடை விரித்து விளக்கம் தருவர். கன்னடம் தெரிந்த பிள்ளை ஒருவனை உடன் அழைத்துச் செல்வது நன்று. கடிதம் எழுதிய அன்பர் மகனோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். சேர்ந்து செல்ல விரும்புவோர் சங்க நூலகத்தில், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல், பெயர் கொடுக்கலாம். ஊரிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவர இயன்றவர்கள் கொண்டுவருக.